அட்டை வரைபவர் கதையை வாசித்திருக்க வேண்டும்

சென்ற மாதம் எங்கள் வெள்ளவத்தை வீட்டின் சாப்பாட்டு மேசையில் மூன்று அட்டைப்படங்கள் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் கிடந்தன. பதின்ம வயதினருக்கென்றே தமிழில் எழுதப்பட்ட ஒரு நாவல் விரைவில் வெளிவரவிருக்கிறது. அதன் மெய்ப்பை நான்தான் திருத்திக் கொடுத்திருந்தேன். பதிப்பாளர் என்னிலும் இளையவர், பல ஆண்டுப் பழக்கம். "அக்கா, நீங்களும் மகளும் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கோ, அதையே அச்சுக்குக் குடுக்கிறன்" என்று மூன்றையும் வர்ணத்தில் அச்செடுத்துத் தந்துவிட்டுப் போனார். நூல் வெளியாகும் வரையில் அதன் தலைப்பையோ ஆசிரியரின் பெயரையோ நான் இங்கே எழுதுவது முறையாகாது. ஆனால் அந்த மூன்று அட்டைகளும் என்னை நெடுநாள் யோசிக்க வைத்துவிட்டன. ஒரு கலவன் பாடசாலையின் நூலகத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்பவள் என்ற முறையில், ஒரு பிள்ளை எந்தப் புத்தகத்தை நோக்கிக் கையை நீட்டுகிறது, எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் தட்டிலேயே செருகிவிடுகிறது என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அட்டைகளைப் பற்றிய என் கருத்துகள் அங்கிருந்து வந்தவையே.

நாவலின் கதை எளியது. தந்தையின் இடமாற்றத்தால் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வரும் பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் தளத்தில் குடியேறுகிறாள். புதிய பாடசாலையில் அவளுக்கு எவரும் பழக்கமில்லை. பாடசாலை விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல், மரைன் டிரைவைக் கடந்து, புகையிரதத் தண்டவாளத்தைத் தாண்டி, கடற்கரையில் அரைமணி நேரம் தனியே அமர்ந்திருப்பது அவளுடைய இரகசியம். தாய்க்குத் தெரியாதிருக்க, சப்பாத்தில் ஒட்டிய மணலை ஒவ்வொரு நாளும் குளியலறையில் கழுவி, வெள்ளை பூசி, யன்னல் விளிம்பில் காயவைக்கிறாள். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு நாள் அந்தச் சப்பாத்துகளில் ஒன்று யன்னலிலிருந்து கீழே விழுந்துவிடுகிறது. அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

முதலாவது அட்டையில் செக்கச்சிவந்த வானம், அதன் முன்னே கருநிழலாக இரண்டு பனைமரங்கள், அடியில் குறுக்காக ஒரு முட்கம்பி. நாவலில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு பனைமரம்கூட வரவில்லை, முட்கம்பியும் வரவில்லை. ஈழத்துத் தமிழ் நாவல் என்றதும் வடிவமைப்பாளரின் கை தானாகவே பனைக்கும் கம்பிக்கும் போய்விடுகிறது. போரையும் இடப்பெயர்வையும் பற்றி எழுதப்பட்ட நூல்களுக்கு அந்தப் படங்கள் பொருந்தின, சிலவற்றுக்கு மிக நன்றாகவே பொருந்தின. ஆனால் 2009 இல் போர் முடிந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் இப்போது என் நூலகத்தின் மேசைகளில் அமர்ந்து சாதாரண தரப் பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அந்த வரலாற்றை அறியவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்கான நூல்களை நானே தேடி எடுத்துக் கொடுக்கிறேன். ஆயினும் தனிமையையும் நட்பையும் பற்றிய ஒரு கதைக்கும் அதே சிவந்த வானத்தைப் போர்த்திவிட்டால், பதினான்கு வயதுப் பிள்ளை அதை அப்பாவுக்குரிய புத்தகம் என்று எண்ணிக் கடந்துபோய்விடுகிறது. அப்படிக் கடந்துபோவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதன் மறுபுறமும் எனக்கு வருத்தமே. இளையோருக்கு என்று சொல்லி வரும் தமிழ் நூல்களில் பலவற்றின் அட்டை ஏழு வயதுக் குழந்தைக்குரியது: உருண்டைக் கண், சிரிக்கும் சூரியன், வானவில் நிறத்தில் தலைப்பு. தரம் 9 மாணவன் அதை நண்பர்கள் பார்க்கக் கையில் வைத்திருப்பானா? கட்டிளமைப் பருவத்தினருக்குத் தம்மைச் சிறுபிள்ளையாக நடத்துவதைப் போல வலி தருவது வேறொன்றில்லை. சிறுவர் நூலுக்கும் பெரியவர் நூலுக்கும் நடுவே தமிழில் ஒரு தட்டே இல்லாதிருப்பதற்கு எழுதுவோர் குறைவு என்பது முதற் காரணம். எழுதப்பட்ட சிலவும் அந்த வயதின் முகத்தோடு வரவில்லை என்பது இரண்டாவது காரணம். இத்தனைக்கும் நம்மிடம் மரபு இல்லாமல் இல்லை. 1970களில் வீரகேசரி பிரசுரங்களாக வந்த நாவல்கள் சில என் தந்தையின் அலுமாரியில் இருந்தன. மலிவான தாள்தான், ஆனால் கையால் வரைந்த அட்டை. கதையில் வரும் ஆட்களை வரைந்தவர் அறிந்திருந்தார் என்பது பார்த்தவுடன் தெரியும். ஓவியர் ரமணி போன்றோர் ஈழத்து நூல்களுக்கு வரைந்தவற்றை இன்றும் நூலகம் இணையத்தளத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். 2005 இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம் பக்கங்களோடு அட்டைகளையும் காத்து வைத்திருப்பது நம் வடிவமைப்பாளர்களுக்குக் கிடைத்த பெரிய கொடை.

இரண்டாவது அட்டையில் ஒரு பெண்பிள்ளையின் முகம். கணனிக்குச் சில சொற்களைக் கொடுத்து உருவாக்கிய படம் என்பதைப் பதிப்பாளர் மறைக்கவில்லை. பார்த்தவுடன் அழகாகத்தான் இருந்தது. எனக்குமே ஒரு கணம் பிடித்துவிட்டது. தரம் 10 இல் கற்கும் என் மகள் அதை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தப் பிள்ளை எங்கட நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை" என்றாள். உண்மைதான். படத்தில் இருந்தவள் நீல நிறச் சல்வாரும் அதன் மேல் இருபுறமும் ஊசி குத்திய துப்பட்டாவும் அணிந்து, இரட்டைப் பின்னலைச் சிவப்பு ரிபனால் மடித்துக் கட்டியிருந்தாள். தமிழ்நாட்டுப் பாடசாலை ஒன்றின் வாசலில் அவளைக் காணலாம். இலங்கையில் பெண்பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை பொதுவாக வெள்ளை. அவர்கள் வெள்ளைச் சட்டையும் பாடசாலைக் கழுத்துப்பட்டியும் அணிவர், முஸ்லிம் மாணவிகளின் வெள்ளைச் சீருடைக்கு வேறோர் அமைப்பு உண்டு. நாவலின் பிள்ளையோ இரண்டாம் அத்தியாயத்திலேயே தலைமயிரைக் காதளவுக்கு வெட்டிக்கொள்கிறாள். அதற்காகத் தாயிடம் வாங்கிய ஏச்சு ஒரு முழுப் பக்கத்துக்கு வருகிறது. மகள் இன்னொன்றையும் காட்டினாள். புத்தகப் பையில் இருந்த சின்னத்தைச் சுற்றி, தூரத்தில் பார்த்தால் தமிழ் எழுத்துப்போல் வளைந்தும், கிட்டப் பார்த்தால் எந்த மொழியிலும் சேராமலும் சில கோடுகள் இருந்தன. தமிழ் நாவல் ஒன்றின் முகப்பில் தமிழைப் போன்ற ஒன்று இருந்ததைக் கண்டபோது என் நெஞ்சு கனத்துவிட்டது.

அட்டை, கதையின் நாயகியை மறுத்துவிடுவது நம் ஊருக்கு மட்டும் உரிய குற்றமில்லை. 2009 இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜஸ்டீன் லார்பலெஸ்டியரின் 'லயர்' என்னும் இளையோர் நாவலுக்கு அமெரிக்கப் பதிப்பகம் முதலில் அறிவித்த அட்டையில், நீண்டு நேராக விழும் கூந்தலால் வாயை மறைத்த ஒரு வெள்ளையினப் பெண் இருந்தாள். கதையைச் சொல்பவளோ குட்டை முடியுடைய கறுப்பினப் பெண். அவள் பொய் சொல்பவள் என்பதே அந்த நாவலின் அச்சாணி. ஆகவே அட்டையைக் கண்டவர்கள் அவள் தன்னைக் கறுப்பினத்தவள் என்று சொன்னதையும் பொய்யென்று எண்ணத் தொடங்கினார்கள். ஒரு தவறான படம் ஆசிரியர் கட்டிய கதையையே உள்ளிருந்து சரித்துவிட்டது. ஆசிரியர் இதனைத் தம் வலைப்பதிவில் வெளிப்படையாக எழுதினார், வாசகர்களும் சேர்ந்து எதிர்த்தனர், நூல் கடைக்கு வருமுன் அட்டை மாற்றப்பட்டது. வெளிவரவிருக்கும் நூலின் அட்டையைப் பல மாதங்கள் முன்பே காட்டும் வழக்கத்தால் விளைந்த நன்மை அது. நூல் அச்சாகிய பின்னர் சொல்லும் கருத்து வெறும் விமர்சனமாக நின்றுவிடும். அச்சுக்கு முன்னர் சொன்னால் அட்டையையே மாற்றலாம்.

பொதுவாக நான் முகமில்லாத அட்டையின் பக்கம். 'த ஹங்கர் கேம்ஸ்' 2008 இல் வந்தபோது டிம் ஓ'பிரையன் வரைந்த அட்டையில் கருமைக்கு நடுவே வட்டத்துக்குள் ஒரு பொன்னிறப் பறவை மட்டும் இருந்தது. வாசிக்கும் பிள்ளை தன் மனத்திலேயே நாயகியின் முகத்தை வரைந்துகொண்டது. ஜோன் கிறீனின் 'த ஃபோல்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலுக்கு 2012 இல் ரொட்ரிகோ கொறால் நீல வானில் ஒன்று கருப்பும் ஒன்று வெள்ளையுமாக இரண்டு மேகங்களை மட்டும் வைத்தார். 2014 இல் திரைப்படம் வந்ததும் நடிகர்களின் முகங்களோடு இன்னோர் அட்டை வந்தது. எங்கள் நூலகத்தில் இரண்டும் உள்ளன. மேகங்கள் உள்ள பிரதியின் ஓரங்கள் நைந்துபோய்விட்டன, முகங்கள் உள்ளது இன்னும் புதிதாகவே இருக்கிறது. இரண்டு பிரதிகளை வைத்து ஒரு விதியை நிறுவ நான் முற்படவில்லை. மேலும், முகம் வேண்டிய இடமும் உண்டு. 2018 இல் வெளிவந்த டோமி அடெயெமியின் 'சில்ரன் ஒஃப் பிளட் அன்ட் போன்' நாவலின் அட்டையில் வெண்ணிறக் கூந்தலோடு நிமிர்ந்து பார்க்கும் கறுப்பினப் பெண்ணின் முகம் பெரிதாக உள்ளது. தன்னைப் போன்ற ஒரு முகத்தைப் புத்தக அட்டையில் ஒருபோதும் கண்டிராத பிள்ளைக்கு அந்த முகம் ஒரு வரவேற்பு. குட்டை முடியும் வெள்ளைச் சீருடையும் உள்ள கொழும்புத் தமிழ்ப் பிள்ளையின் முகத்தை ஒருவர் உண்மையாக வரைந்து தந்திருந்தால், முகமில்லாத அட்டையே வேண்டும் என்ற என் விருப்பத்தை அக்கணமே விட்டுக்கொடுத்திருப்பேன்.

மகள் வெளிவரவிருக்கும் ஆங்கில இளையோர் நாவல்களின் அட்டைகளைக் கைத்தொலைபேசியில் சேர்த்து வைப்பவள். அண்மைக் காலத்தில் அவள் காட்டிய அட்டைகளில் பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. காதல் கதையானால் நிழலோ மடிப்போ இல்லாத தட்டையான வர்ணத்தில் எதிரெதிரே நிற்கும் ஓர் இணை, அவர்களைச் சுற்றி வளைந்தோடும் எழுத்து. மாயாசாலக் கதையானால் ஒரு குத்துவாள், அதைப் பின்னிப் படரும் கொடி, மேலே ஒரு கிரீடம், எல்லாவற்றின் மேலும் பொன்னிறத் தகடு. தாள் விளிம்புகளுக்கும் வர்ணம் பூசி, கோலம்போல் வடிவம் இட்டு விற்கும் சிறப்புப் பதிப்புகளும் வருகின்றன. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத வேலைப்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் பத்து அட்டைகளை அடுத்தடுத்து வைத்துத் தலைப்புகளை விரலால் மறைத்தால், எது எந்தக் கதை என்று மகளாலேயே சொல்ல இயலவில்லை. ஒரு குத்துவாள் வெற்றி பெற்றால் அடுத்த ஆண்டு இருபது குத்துவாள்கள் வருவது வணிகத்தின் கணக்கு. அந்தக் கணக்கில், தன் கதைக்கென்று ஒரு முகம் பெறவேண்டிய நாவல் கூட்டத்தில் ஒன்றாகிவிடுகிறது. தட்டையான இணைகளில் ஒரு நன்மையை மட்டும் குறிப்பிடவேண்டும்: புகைப்படத்தில் வராத உடல்வாகுகளும் தோல் நிறங்களும் வரைபடத்தில் இயல்பாக வந்துவிட்டன. பருமனான பிள்ளையும் முக்காடணிந்த பிள்ளையும் சக்கர நாற்காலியில் அமர்ந்த பிள்ளையும் காதல் கதையின் அட்டையில் நிற்கிறார்கள். அது சிறிய மாற்றமில்லை.

அமெரிக்காவுக்கு ஓர் அட்டையும் பிரித்தானியாவுக்கு வேறோர் அட்டையும் போடுவது ஆங்கிலப் பதிப்புலகில் வழமை. நம் புத்தகசாலைகளுக்குப் பெரும்பாலும் வருவது பிரித்தானியப் பதிப்பு. மகள் எட்டு மாதங்கள் காத்திருந்த ஒரு நாவல், செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடந்த புத்தகக் கண்காட்சியில் கிடைத்தபோது, அவள் நேசித்த அட்டை அதில் இல்லை. வாங்கினாள், வாசித்தாள், கதையும் பிடித்திருந்தது. இருந்தும் அந்தப் புத்தகம் முன்பக்கம் தெரியும்படி அவளது மேசையில் ஒருநாளும் நிற்கவில்லை. அட்டை என்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை நான் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

ஆண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2013 மே மாதத்தில் அமெரிக்க இளையோர் நாவலாசிரியர் மோரீன் ஜோன்சன் டுவிட்டரில் வாசகர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்: பெயர்பெற்ற ஒரு நூலை எழுதியவர் ஆணாக இருந்தால் பெண்ணென்றும், பெண்ணாக இருந்தால் ஆணென்றும் எண்ணிக்கொண்டு புதிய அட்டையொன்றைச் செய்யுங்கள். நூற்றுக்கணக்கானோர் செய்து அனுப்பினர். அதே கதை, அதே தலைப்பு. எழுதியவர் பெண் என்றதும் இளஞ்சிவப்பும் பூவும் மங்கலான பெண்முகமும், ஆண் என்றதும் கனத்த எழுத்தும் வெறுமையான பின்னணியும் வந்து சேர்ந்தன. பெண்கள் எழுதுவதை எவ்வளவு இலகுவாக ஒரு மூலைக்குத் தள்ளிவிடுகிறோம் என்பது அந்த இரட்டை அட்டைகளில் அப்பட்டமாகத் தெரிந்தது. எங்கள் நூலகத்தில் ஒரு மாணவன் இளஞ்சிவப்பு அட்டையுள்ள நாவல் ஒன்றைப் பழைய நாட்காட்டித் தாளால் உறையிட்டு இரவல் வாங்கிப் போனான். மூன்று நாட்களில் திருப்பித் தந்து, இதன் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று மெல்லிய குரலில் கேட்டான். அவனுக்கு நான் அதைத் தேடிக் கொடுத்தேன். ஆனால் அந்தத் தாளுறை என் மனத்தை விட்டுப் போகவில்லை.

இனி, எழுத்து. தமிழ் அட்டை வடிவமைப்பில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஆங்கிலத் தலைப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று குறுஞ்சொற்களில் முடிந்துவிடும். தமிழ்ச் சொல் நீளமானது, மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்டது, இரண்டு வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் உகரம் கீழ்வரியின் இகரத்தோடு மோதிக்கொள்ளும். அதைப் பொருட்படுத்தாமல், கணனியில் கிடைத்த அலங்கார எழுத்துருவைப் பெரிதாக்கி வைத்துவிடுகிறார்கள். மூன்று அட்டைகளையும் கைத்தொலைபேசியில் பெருவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம், ஏனெனில் இன்று வாசகர் ஓர் அட்டையை முதன்முதலில் காண்பது அந்த அளவில்தான். முதலாவது அட்டையில் புள்ளிகள் அனைத்தும் மறைந்துவிட்டன. புள்ளி போனால் தமிழில் சொல்லே போய்விடும். கல் 'கல' ஆகிவிடும், கண் 'கண' ஆகிவிடும். இரண்டாவதில் புள்ளிகளை நட்சத்திரங்களாக மாற்றியிருந்தார்கள், அவை பின்னணி ஒளியில் கரைந்தன. ஓவியர் கே. எம். ஆதிமூலம் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் கையால் எழுதித் தந்த தலைப்புகளைப் பாருங்கள். அவர் 2008 இல் மறைந்துவிட்டார். ஆயினும் தூரிகையின் வேகத்திலும் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் உறுதியாக நிற்கும் அந்த எழுத்துகள் இன்றும் பழையனவாகத் தோன்றவில்லை. எழுத்தே படமாகும் வாய்ப்பு தமிழுக்கு நிறைய உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது அட்டைக்கு வருகிறேன். நுண்கலை பயின்ற ஓர் இளம்பெண் வரைந்தது. படம் வரையக் கேட்டபோது கதைச் சுருக்கம் போதாது என்று சொல்லி, நூற்று நாற்பத்தெட்டுப் பக்கங்களையும் வாங்கி வாசித்தாராம். அவர் வரைந்தது ஒரு யன்னல் விளிம்பு, அதில் காய்கின்ற ஒற்றை வெள்ளைச் சப்பாத்து, அதற்கப்பால் தண்டவாளத்தின் மெல்லிய கோடு, பிறகு கடல். இரண்டாவது சப்பாத்து இல்லை. கதையை அறியாதவருக்கு அது எங்கே என்ற கேள்வி எழும். ஏழாம் அத்தியாயத்தை வாசித்தவர் அட்டைக்குத் திரும்பி வருவார். தலைப்பைக் கையாலேயே எழுதியிருந்தார், சப்பாத்துக் கயிறு நெளிந்து கிடப்பதைப் போல. புள்ளிகள் கயிற்றுத் துளைகளைப் போல வட்டமாகவும் பெரிதாகவும் இருந்தன. சுருக்கிப் பார்த்தபோதும் ஒரு புள்ளிகூடத் தொலையவில்லை. நானும் மகளும் ஒரே நேரத்தில் அதன் மேல் கையை வைத்தோம்.

அதன் பிறகும் வேலை இருந்தது. முதல் அச்சுப் படியில் கடல் சாம்பல் பூத்துப் போய்விட்டது. கணனித் திரையில் ஒளியால் உண்டாகும் பளிச்சென்ற நீலத்தை, நான்கு மைகளைக் கலந்து தாளில் கொண்டுவர இயலாது என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. அச்சகத்தார் மங்கல் லேமினேஷன் போட்டதும் நீலம் இன்னும் அடங்கிவிட்டது. தகடு பதிப்பதற்கோ புடைப்பு வேலைக்கோ கையில் பணமில்லை. முந்நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதைக் கண்ட ஊர் இது. தாளின் விலையைப் பற்றிப் பேசாமல் எந்தப் பதிப்பாளரும் இன்று வாய் திறப்பதில்லை. ஆகவே செலவில்லாத வழி தேடப்பட்டது: ஓவியரே கடலைப் பச்சை கலந்த நீலமாக மாற்றி, சப்பாத்தின் வெண்மையைச் சுற்றி யன்னல் நிழலை ஆழமாக்கித் தந்தார். இரண்டாவது படியில் சப்பாத்து தாளை விட்டு எழுந்து நின்றது. நூலின் முதுகு எட்டு மில்லிமீற்றர்தான். அதற்குள் தலைப்பை அடக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. மெல்லிய நூல்தானே என்று முதுகை வெறுமையாக விட்டுவிடுவது நம் பதிப்பாளர் பலரின் பழக்கம், நூலகத் தட்டில் அத்தகைய புத்தகம் கண்ணுக்கே படுவதில்லை என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

நேற்று மாலை பதிப்பாளர் மீண்டும் அழைத்து, பின்னட்டையில் வழமைபோல ஆசிரியரின் புகைப்படத்தையும் பட்டங்களையும் போடுவதா என்று கேட்டார். அருகில் நின்ற மகள் தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, "மாமா, மற்றச் சப்பாத்தின்ர அடிப்பக்கத்தை அங்கே போடச் சொல்லுங்கோ, மணல் ஒட்டினபடி" என்றாள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஓவியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்று காலை, பென்சிலால் வரைந்த முதற்கோட்டின் படம் வந்து சேர்ந்தது. அடித்தோலின் கோடுகளுக்கிடையே மணலோடு ஒரு சிறு சிப்பித்துண்டும் ஒட்டியிருக்கிறது.